முகாம் வீட்டுப் பிள்ளை பாடசாலை மாறும்போது

படையிலோ பொலிஸிலோ இருப்பவருக்கு மாற்றம் வந்தால், லொறிக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுங்கள். என் கணவர் பொலிஸில் இருந்தவர். அம்பாறையிலிருந்து பதுளைக்கு அவருக்கு மாற்றம் வந்தபோது கட்டில், அலுமாரி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு கீறல் விழாமல் மலையேற்றிக் கொண்டுவந்து சேர்த்தோம். மகனின் விடுகைப் பத்திரம் மட்டும் வரவில்லை. நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றை அவன் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அது வந்தால்தான் பத்திரம் என்றார்கள். புத்தகம் எங்களோடு லொறியில் வந்து, அரிசிப் பீப்பாவுக்குள் கிடந்தது. அதைத் தபாலில் அனுப்பி, பத்திரம் தபாலில் திரும்பி வர 19 நாள். அந்த 19 நாளும் அவன் குவாட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையுடன் போகிற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தான். உண்மையாகவே எண்ணினான். ஒருநாள் வந்து "இன்றைக்கு 43 பேர்" என்றான்.

அவருக்குப் பின்னால் நானும் மாற்றம் வாங்கிக்கொண்டு திரிந்த ஆசிரியை. 31 வருடச் சேவையில் பாதிக்கு மேல் ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளைப் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் கழிந்தது. தியத்தலாவை படைகளின் ஊர். இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவதும் அங்கேதான். 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடைத்ததும் அங்கேதான். கட்டளைக்கு இடம் மாறி வந்தவர்களுக்கு அந்த ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. படையில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் ஏது என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்பார்கள். என் வகுப்புக்கு வந்தார்கள்: மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள், முஸ்லிம் சிப்பாய்களின் பிள்ளைகள், மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த பொலிஸ்காரரின் பிள்ளைகள், தோட்டத்துப் பெண்ணைக் கட்டிய சிங்களக் கோப்ரலின் பிள்ளைகள்.

இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மனசைப் பற்றியே பேசுகிறார்கள். அன்பு காட்டுங்கள், அரவணையுங்கள் என்கிறார்கள். காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த அளவில் புதுப் பிள்ளை அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கொப்பியில் இருக்கிறது. மற்றவர்கள் பின்னக் கணக்குச் செய்கிறார்கள், இவனுக்கு அது இன்னும் படிப்பிக்கப்படவில்லை. எல்லோரும் சதுரக் கோட்டுக் கொப்பி எடுக்கிறார்கள், இவனிடம் அது இல்லை. அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் பாதி அழுகை தானே நின்றுவிடும். முதலில் கொப்பியைத் தேற்றுங்கள்.

பத்திரங்களில் ஒழுங்கு முக்கியம். சேரப்போகும் பாடசாலையின் அதிபரைக் கண்டு, இடம் உண்டு என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் கேளுங்கள். தலைகீழாகச் செய்தால் பிள்ளை இரண்டு இடாப்பிலும் பெயரில்லாமல் நடுவில் நிற்கும். மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தோடு காரியம் முடியும். தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லையில் உள்ள மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருப்பவை. அங்கே சேர்க்க நினைப்பவர்கள் கூடுதல் நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய உறை வாங்கி, பிறப்புச் சான்றிதழ், கடைசி மூன்று தவணைத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசிப் பதிவு உள்ள சுகாதாரப் புத்தகம், இடமாற்றக் கடிதத்தின் பிரதி, குவாட்டர்ஸில் குடியிருப்பதற்கான கடிதம் ஆகியவற்றை அதற்குள் போடுங்கள். அந்த உறை லொறியில் ஏறக்கூடாது. அம்மாவின் கைப்பையில் வரவேண்டும். விடுகைப் பத்திரம் கைக்கு வந்ததும் அலுவலக வாசலிலேயே நின்று பெயரின் எழுத்தையும் பிறந்த திகதியையும் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறி எழுதப்பட்ட பத்திரங்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழை தூங்கிக் கிடந்து, சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் வருடத்தில் எழுந்திருக்கும்.

தடுப்பூசிப் பதிவை நான் வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. சில ஊசிகளைப் பாடசாலைக்கு வந்து வகுப்புக் கணக்கில் போடுவார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசியை 2017இல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கியபோது, இரண்டாவது ஊசியை ஆறு மாதம் கழித்தே போட்டார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் தகப்பனுக்கு மாற்றம் வந்தால்? பழைய பாடசாலையில் பிள்ளை இல்லை, புதிய பாடசாலையில் பட்டியலில் பெயர் இல்லை. சேர்க்கும் நாளிலேயே வகுப்பாசிரியரிடம் கேட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லிவிடுங்கள்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். பழைய கொப்பிகளைப் பழைய கடதாசிக்காரருக்குப் போடாதீர்கள். புதிய ஆசிரியருக்கு அந்தக் கொப்பிகளைப் போல உதவும் பத்திரம் வேறில்லை. தேர்ச்சி அறிக்கையில் கணிதம் 68 என்று இருக்கும். எந்த 68 என்று அது சொல்லாது. கொப்பியைப் புரட்டினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: நீள்வகுத்தல் வரை வந்திருக்கிறான், நிறுத்தல் அளவை தொடவேயில்லை. முதல் சனிக்கிழமை தாயோ தகப்பனோ புதிய வகுப்பில் ஒரு பிள்ளையின் கொப்பிகளை இரவல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாவற்றையும் பார்த்து எழுதச் சொல்லிப் பிள்ளையின் விரலை ஒடிக்க வேண்டாம். கணிதத்தில் மட்டும் விடுபட்டதை ஒழுங்காகப் படிப்பியுங்கள்; அதில்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. வரலாற்றில் ஒரு மன்னன் விடுபட்டால் அடுத்த மன்னன் கோபிக்க மாட்டான்.

முஸ்லிம் பாடசாலையிலிருந்து தமிழ்ப் பாடசாலைக்கு வருகிற பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பல ஆசிரியர்களே யோசிப்பதில்லை. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்காட்டி நோன்பு மாதத்தை ஒட்டி வேறாக அமையும். மற்றப் பாடசாலைகள் நடந்துகொண்டிருக்கும்போது அங்கே விடுமுறை. ஆகவே நோன்புக் காலத்தில் இடம் மாறும் பிள்ளை, தன் தவறு ஒன்றுமில்லாமலே சில வாரப் பாடத்தை இழந்து வந்து நிற்கும். அதை "பின்தங்கிய பிள்ளை" என்று முதல் வாரமே முத்திரை குத்தின ஒரு ஆசிரியரோடு நான் ஓய்வறையில் சண்டை போட்டிருக்கிறேன். அதே பிள்ளைக்குச் சமய பாடமும் பிரச்சினை. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் சைவநெறியும் கிறிஸ்தவமும் இருக்கும், இஸ்லாம் படிப்பிக்க ஆள் இருக்காது. சமயம் பரீட்சைப் பாடம். சேர்ப்பதற்கு முன்னரே கேளுங்கள். ஆள் இல்லை என்றால் அந்தப் பாடத்துக்குப் பக்கத்துப் பாடசாலைக்குப் போக முடியுமா, பள்ளிவாசலில் படித்துப் பரீட்சைக்குத் தோற்ற முடியுமா என்று அதிபருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

தரம் 10க்கு மேல் இந்தச் சோலி இன்னும் பெரிதாகும். சாதாரண தரத்துக்கு 9 பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 எல்லோருக்கும் பொது. மீதி 3ஐயும் தொகுதிப் பாடங்களிலிருந்து பிள்ளை தெரிவு செய்கிறது. மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் எடுத்துக்கொண்டு ஆசையாக வந்த ஒரு பெண் பிள்ளைக்கு, எங்கள் பக்கத்தில் அதைப் படிப்பிக்க ஆசிரியர் இருக்கவில்லை. சித்திரம் இருந்தது. பரதம் இருந்தது, ஆனால் பதினைந்து வயதில் அரைமண்டியில் தொடங்க முடியுமா? கடைசியில் சித்திரம் எடுத்து, வேண்டாவெறுப்பாக ஒரு வருடம் பூச்சாடி வரைந்தாள். கேட்டால் தெரிந்திருக்கும், யாரும் கேட்கவில்லை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உண்டு என்பதைக் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்கவேண்டும்.

தரம் 11இல் இருக்கும் பிள்ளையை, கூடுமானால், அசைக்காதீர்கள். பாடசாலை ஊடாகப் பரீட்சைக்கு விண்ணப்பித்தாயிற்று என்றால் தகப்பன் மட்டும் போகட்டும். பிள்ளை பாட்டி வீட்டிலோ விடுதியிலோ இருந்து எழுதி முடிக்கட்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களுக்கும் இதையே சொல்வேன். உயர்தரத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் தகுதியிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. பதுளையும் நுவரெலியாவும் அந்த 16இல் அடக்கம். பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியது என்று பின்னால் கேள்வி எழும்போது பாடசாலைப் பதிவுகளைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்ந்த திகதி, விலகிய திகதி, சேர்வு இலக்கம் மூன்றையும் அந்த உறையின் மேலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

மொழிமூலம் மாறுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். சிங்களக் கோப்ரலின் மகன் ஒருவன் தரம் 4க்கு வந்தான். தகப்பனை வடக்கே அனுப்பிவிட்டார்கள். தாய் பிள்ளையோடு ஹப்புத்தளைப் பக்கம் தோட்டத்து லயத்துக்கு, தன் தாய் வீட்டுக்கு, வந்துவிட்டாள். அதுவரை சிங்கள மொழியில் படித்தவன். தமிழ் பேசுவான், பாட்டியோடு வாயாடுவான், எழுத வராது. முதல் வாரம் சொல்வதெழுதலில் "பம்பரம்" என்றேன். முதல் "ப"வைத் தமிழில் எழுதினான். "ம்"முக்குப் பின்னால் வருகிற "ப"வுக்குச் சிங்கள எழுத்தைப் போட்டான். சிவப்புப் பேனாவோடு நான் குனிந்தபோது, "டீச்சர், சத்தம் இரண்டு, எழுத்து எப்படி ஒன்று?" என்று கேட்டான். சிங்களத்தில் அந்த இரண்டு ஓசைக்கும் இரண்டு எழுத்து உண்டு. அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 30 பிள்ளைகள் அந்த "ப"வைக் கேள்வி கேட்காமல் எழுதிவிட்டுப் போனார்கள். இவன் ஒருவன்தான் கேட்டான்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, பம்பரம், தம்பி, கடுகு, பந்து, மாங்காய் என்று ஒரே எழுத்து இரண்டு ஓசை தரும் சொற்களைப் பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதற்கும் அது அன்று புதுப்பாடமாகிவிட்டது. இப்படி வருகிற பிள்ளைக்கு முதல் தவணையில் மொழிக்குப் புள்ளி போடாதீர்கள் என்பது என் துணிந்த அபிப்பிராயம். கணக்கில் நன்றாக வந்தால் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். எண்களுக்கு மொழி இல்லை. நாளுக்குப் பதினைந்து நிமிடம், பாடசாலை விட்ட பிறகு, ஒரு பக்கம் வாசிப்பு, ஐந்து சொல் எழுத்து. அதற்கு மேல் நீட்டினால் பிள்ளை பஸ்ஸைத் தவறவிடும், உங்களையும் வெறுக்கும். மற்றப் பிள்ளைகள் சிங்களம் வாசிக்கத் தடுமாறும்போது அவனை எழுப்பி வாசிக்கச் சொல்லுங்கள். இவன் எழுந்து வாசித்த முதல் நாள் கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கைதட்டினான்.

முதல் நாள் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது? கெட்டிக்காரப் பிள்ளையை வைப்பது ஆசிரியர்களின் வழக்கமான பிழை. கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தன் வேலை இருக்கும். அதே வழியால் வீட்டுக்குப் போகிற, வாய் ஓயாத பிள்ளையாகத் தேடுங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எது, எந்த சேருக்குக் கோபம் வரும், சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ் எத்தனை மணிக்குத் தீரும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். வகுப்புக்கு முன்னால் நிறுத்தி "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஒரு வேலை கொடுங்கள்: வெண்கட்டி எடுத்துவரட்டும், கொப்பி பகிரட்டும். ஒவ்வொரு கொப்பியிலும் ஒரு பெயர் இருக்கிறதே.

பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். மட்டக்களப்புப் பிள்ளை "பிறகு" என்பதை "மறுகா" என்று சொல்லும். இங்கே வகுப்பே உருளும். அதட்டி அடக்கினால் சிரிப்பு இடைவேளைக்குப் போய்விடும், அவ்வளவுதான். தோட்டத்தில் நாம் மட்டும் பேசுகிற சொற்களை நான் பலகையில் எழுதி, இவற்றுக்கு மட்டக்களப்பில் என்ன சொல்வார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பேன். காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைச் சொல்லும் "பெரட்டு" என்ற சொல்லை அது வாழ்நாளில் கேட்டிருக்காது. இரண்டு பக்கமும் சிரித்துத் தீர்ந்தால் காரியம் முடிந்தது.

தகப்பனின் தொழிலைப் பற்றிய கேள்வி நிச்சயம் வரும். "உன் அப்பாவிடம் துவக்கு இருக்கிறதா? யாரையாவது சுட்டிருக்கிறாரா?" பிள்ளைகள் ஆசையில் கேட்பார்கள், சில வீடுகளில் கேட்டது பிள்ளையின் வாயால் வரும். எங்கள் மக்களில் யுத்தத்தில் ஆளை இழந்த வீடுகளும் உண்டு, காவல் சாவடியில் நின்ற நினைவு எல்லோருக்கும் உண்டு. ஆகவே வீட்டில் வைத்தே ஒரு வாக்கியத்தைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். "அப்பா முகாமில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார்." அது உண்மை, அதற்கு மேல் பிள்ளை ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தகப்பன் கடையில் வேலை செய்வதாகச் சொல்லி வைத்திருந்த பையன் ஒருவனின் தகப்பன், சீருடையோடு பெற்றோர் கூட்டத்துக்கு வந்துவிட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆசிரியர்களுக்கு ஒன்று: 2009இல் யுத்தம் முடிந்த மே மாதம் 18, 19ஆம் திகதிகளை ஒட்டிய நாட்களில் இந்தப் பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் எதற்காகவும் முன்னே நிறுத்தாதீர்கள். பாராட்டவும் வேண்டாம்.

லீவில் தகப்பன் வரும் நாட்களில் பிள்ளை பாடசாலைக்கு வராது. நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது இதற்கு ஏசியிருக்கிறேன். பிறகு என் பிள்ளைகளே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சீருடை போட மறுத்தபோது புத்தி வந்தது. ஒரு நாள் விட்டுக்கொடுங்கள். இரண்டாம் நாள் தகப்பனே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாயிலில் விடட்டும்.

குளிரை மறந்துவிட்டேன். மன்னாரிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு மார்கழி, தையில் இந்த மலை சும்மா இராது. காலையில் தலைக்குக் குளிக்கவைத்து அனுப்பாதீர்கள். சப்பாத்து நனைந்தால் பத்திரிகைக் கடதாசியைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தால் விடிவதற்குள் ஓரளவு காயும். வெள்ளைச் சீருடைக்கு மேல் எந்த நிறக் கம்பளிச் சட்டை போட அனுமதி என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். நிறம் தவறினால் இரண்டு தடவை செலவு.

விட்டுப் போகிற பாடசாலையின் ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பக்கக் கடிதம். நற்சான்றிதழ் வேண்டாம், "ஒழுக்கமான மாணவன்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அடுத்த ஆசிரியர் திங்கட்கிழமை காலை செய்யவேண்டியதை எழுதுங்கள். அந்தக் கோப்ரலின் மகன் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போனான்; குடும்பம் ஒருவழியாக ஒன்றுசேர்ந்தது. அவன் கையில் நான் கொடுத்தனுப்பிய கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது:

"கணிதத்தில் தசமப் பெருக்கல் வரை முடித்துவிட்டான், கன அளவு தொடங்கவில்லை. வாசிப்பு வேகம் குறைவு, விளக்கம் நல்லது. நீளமான கட்டுரை எழுதச் சொன்னால் பயப்படுவான். ஐந்து வரி என்று சொல்லுங்கள், எட்டு வரி எழுதுவான். பலகை அவனுக்கு வலது பக்கம் இருக்கும்படி உட்காரவிடுங்கள், இடது காது சற்று மந்தம். முருங்கைக்காய் சாப்பிட மாட்டான், வற்புறுத்த வேண்டாம். 'பம்பரம்' என்ற சொல்லை இப்போது சரியாக எழுதுகிறான். எழுதிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். ஒரு தடவை தலையாட்டிவிடுங்கள்."